பரணில் இருந்து இறங்கும் பழைய பொம்மைப் பெட்டி: வயதைக் கணிக்கும்போது செய்யக் கூடாதவை

பழைய கொலு பொம்மைப் பெட்டி பரணில் இருந்து இறங்கியதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் தேடுவது ஈரத்துணியைத்தான். பொம்மை எந்த ஊரில், எந்தக் காலத்தில், எதைக் கொண்டு செய்தது என்று காட்டிக்கொடுக்கும் தடயத்தில் பாதி அந்த ஒரு துடைப்பிலேயே போய்விடும். பழைய மண்பொம்மைகளில் இருப்பது வஜ்ஜிரப் பசையிலோ கோந்திலோ குழைத்த தூள் வண்ணம். தண்ணீர் பட்டால் துணியோடு வந்துவிடும். மரக் கடைசல் சொப்புகளுக்கு வேறு ஆபத்து. அவற்றின் பளபளப்பு அரக்கு. சானிடைசரிலும் ஸ்பிரிட்டிலும் இருக்கும் ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். தூசியைத் தட்ட, புதிதாக வாங்கிய மெல்லிய பெயிண்ட் பிரஷ் ஒன்று போதும். அதையும் நாலு பக்கமும் அடிப்பக்கமும் படம் எடுத்த பிறகே தொடுங்கள்.

பொம்மை சுற்றியிருந்த செய்தித்தாளைக் கசக்கி எறிவது அடுத்த தவறு. அதைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அதில் இருக்கும் தேதி கடைசியாக யாரோ பொம்மையைச் சுற்றி வைத்த தேதி, பொம்மை பிறந்த தேதி அல்ல. ‘பாட்டி கல்யாணத்துச் சீரில் வந்தது’ என்ற பேச்சையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் 1948 என்றால், பொம்மை 1948-க்கு முன் இருந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. அதுவும் அதே பொம்மைதானா, உடைந்ததற்குப் பதிலாக 1980-களில் வாங்கி வைத்ததா என்பதை வீட்டுப் பேச்சு சொல்லாது. பழைய கொலுப் படம் ஆல்பத்தில் இருந்தால் பேச்சைவிட அதை நம்பலாம்.

அடிப்பக்கத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பது

முகம் வருடாவருடம் வண்ணம் பூசிக்கொள்ளும். அடிப்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. விலை, கடைப்பெயர், செட்டில் எத்தனையாவது என்ற எண், ஒட்டுச்சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், சாய்வாகப் பிடித்த டார்ச் இரண்டும் இருந்தால் மங்கிய பென்சில் எழுத்தும் தெரியும்.

விலை ‘1-8-0’ என்று ரூபாய், அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) என மூன்று பகுதியாக இருந்தால் அது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணயம் வருவதற்கு முந்தைய எழுத்து வழக்கம். ‘ந.பை.’ என்று இருந்தால் நயா பைசா. 1964-இல் ‘நயா’ உதிர்ந்துவிட்டது. ஆனால் ‘எட்டணா’ என்று எழுத்தில் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாலணா, எட்டணா என்ற பேச்சு நாணயம் மாறிப் பல பத்தாண்டுகள் கழிந்தும் நம்மூரில் இருந்தது. கடைச் சீட்டில் ‘மதுரை–625001’ என்று ஆறு இலக்கம் இருந்தால் சீட்டு 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. பின்கோடு அன்றுதான் வந்தது. ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று அச்சிட்டிருந்தால் 1969-க்கு முந்திய அச்சு என்று கொள்ளலாம். பழைய சீட்டுக்கட்டைத் தீரும்வரை ஒட்டிக்கொண்டிருந்த கடைக்காரர்களும் உண்டு என்பதால் இரண்டொரு வருடம் தள்ளிப் பாருங்கள்.

காகிதக்கூழ் பொம்மைதான் இதில் அதிகம் பேசும். அடிப்பக்கம் பிய்ந்த இடத்தில், பசையில் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள் அடுக்கடுக்காகத் தெரியும். டார்ச்சைக் காட்டினால் இரண்டு வரியாவது படிக்க முடியும். ‘லை’, ‘னை’ எழுத்துகள் தலைக்கு மேல் துதிக்கை தூக்கியபடி இருந்தால், அது 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய அச்சு வடிவம். இதை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்வதுதான் தவறு. பெரியாரின் பத்திரிகைகள் 1935 முதலே புதிய எழுத்தில் வந்தன. சில அச்சகங்கள் 1978-க்குப் பிறகும் பழைய எழுத்தையே ஓட்டின. சினிமா விளம்பரமோ தேர்தல் செய்தியோ தட்டுப்பட்டால் அதிர்ஷ்டம். அந்த நாளுக்கு முன் இந்தப் பொம்மை செய்யப்படவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். துண்டைப் பிய்த்து எடுத்துப் படிக்க முயலாதீர்கள்.

எல்லாவற்றையும் ‘மண்பொம்மை’ என்பது

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் பொம்மை ஊரான விளாச்சேரியில் இன்று களிமண், காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் மூன்றிலும் பொம்மை செய்கிறார்கள். வண்ணம் பூசி நிறுத்தினால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்கூட்டைப் பாருங்கள். சூளையில் வெந்த மண் உள்ளே செம்மையாக இருக்கும், நகத்தால் கீறினால் கீறல் விழாது, சுண்டினால் ‘கிண்’ என்னும். அச்சில் களிமண்ணை அமுக்கிய கட்டைவிரல் பள்ளங்கள் உள்சுவரில் வரிசையாகத் தெரியும். பிளாஸ்டர் வெள்ளை, நகத்துக்கு மாவாக உதிரும், உட்புறம் ஊற்றியதுபோல் வழுவழுப்பு. காகிதக்கூழ் கையில் எடுத்தவுடன் எடையிலேயே தெரிந்துவிடும்.

பாணியை வைத்துக் காலம் சொல்வது பெரிய பொறி. ஒரே அச்சு தந்தையிடம் இருந்து மகனுக்குப் போகும். அச்சு உடைந்தால், இருக்கிற பொம்மையின் மேலேயே புது அச்சு எடுப்பார்கள். களிமண் காய்ந்து வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்குவரை சுருங்கும். அதனால் பொம்மையில் இருந்து எடுத்த அச்சில் பிறக்கும் பொம்மை சற்றுக் குட்டையாகவும், கண் இமை, நகை வேலைப்பாடு மழுங்கியும் இருக்கும். ஒரே வடிவில் இரண்டு செட்டியார் பொம்மை கிடைத்தால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். உயரமானதும் கூர்மையானதும் பெரும்பாலும் மூத்தது. பிளாஸ்டரில் இந்தக் கணக்கு செல்லாது, அது சுருங்குவதில்லை.

சொப்பு செட்டை முழுசாக நம்புவது

சொப்பு சாமான் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியதாக இருப்பது அபூர்வம். மதுரைப் புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்த வீடுகளே அதிகம். அதனால் அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை, அடுப்பு, குடம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோடுங்கள். மரக் கடைசலில் அரக்கு பூசியது என்றால் நிறம் வளைய வளையமாக ஓடும், பிரஷ் தடம் இருக்காது. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அது உருகிப் படிவதால் வரும் அடையாளம் இது. பிரஷ் தடம் தெரிந்தால் எனாமல், அல்லது அரக்கின் மேல் யாரோ பூசியது. அம்பாசமுத்திரம், சன்னபட்னா இரண்டு ஊரிலும் அரக்குக் கடைசல் உண்டு. நிறத்தை மட்டும் பார்த்து ஊர் சொல்பவரை நம்ப வேண்டாம்.

செட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறதா? இந்தியாவில் பிரஸ்டீஜும் ஹாக்கின்ஸும் குக்கர் தயாரிப்பை 1959 வாக்கில்தான் தொடங்கின. குக்கர் சொப்பு அதற்குப் பிந்தியது. ஆனால் பக்கத்தில் இருக்கும் ஆட்டுக்கல்லின் வயதை அது சொல்லாது.

மரப்பாச்சிக்கு வருவோம். ‘சிவப்பாக இருக்கிறது, செம்மரம்’ என்று முடிவு கட்டுவது இங்கே வழக்கமான பிழை. மற்ற மரத்துக்குச் சாயம் ஏற்றி விற்பது பழைய தொழில். நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பஞ்சை அடிப்பாகத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒற்றிப் பாருங்கள். செம்மரத்தின் நிறம் பச்சைத் தண்ணீரில் கரைவதில்லை, பஞ்சு பளிச்சென்று சிவந்தால் பூசிய சாயம். செம்மரத்தின் வைரம் (நடுக்கட்டை) தண்ணீரில் மூழ்கும் அளவு கனமானது என்பதற்காகப் பொம்மையைப் பக்கெட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், ஊறிக் காயும்போது வெடிக்கும். கை கால் மழுங்கியிருந்தால் போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். குழந்தைக்கு மருந்தாகக் கல்லில் இழைத்த தேய்மானமாக இருக்கலாம். அசல் என்று தெரிந்து வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பார்சல் கட்டுவதற்கு முன் ஒன்று: செம்மரம் 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் சிக்கலாகும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கும்போது

செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வெளியேறிய பீங்கான், செல்லுலாய்ட் பொம்மைகள் இங்கே கிடைக்கும். முதுகிலோ கழுத்துக்குப் பின்னாலோ முத்திரை தேடுங்கள். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது போருக்குப் பின் ஜப்பான் அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்த 1945–52 இடைவெளியைச் சேர்ந்தது. செல்லுலாய்டா என்று பார்க்கப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். செல்லுலாய்ட் குபீரென்று பற்றிக்கொள்ளும் பொருள். விரலால் அரை நிமிடம் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் போதும், சூடத்தின் வாசனை வரும். அது செய்யப்படுவதே சூடம் சேர்த்துத்தான். இப்படிப்பட்ட பொம்மையைக் கொலுப்படியில் விளக்குக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

எந்தப் பொம்மையானாலும் பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்காதீர்கள். ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டுக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈய வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

கடைசியில் விளாச்சேரிக்குப் போய் விசாரிப்பதானால், ‘இது எத்தனை வருஷத்துப் பொம்மை?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக ஒரு பெரிய எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அடிப்பக்கம், பக்கவாட்டில் அச்சு சேரும் கோடு, உள்கூடு மூன்றின் படத்தையும் உயரத்தையும் காட்டி, ‘ஐயா, இந்த அச்சு உங்க பக்கத்துலதா, பண்ருட்டிப் பக்கமா?’ என்று கேளுங்கள். அச்சுக் கோட்டை எங்கே மறைத்திருக்கிறார்கள், அடியை எப்படி அடைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து, பொம்மை செய்பவர் தொழில் பழக்கத்தில் சொல்லும் பதில் அந்தக் கேள்விக்குத்தான் கிடைக்கும்.