ஒருவர் உங்களை நம்பிச் சொன்னால்

தெருவிலோ சங்கத்திலோ ஒருவர் தனக்கு நடந்த பாலியல் வன்முறையைச் சொன்னால் நம்புங்கள்; "அங்க எதுக்குப் போன" என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம். புகார் கொடுப்பது அவர் முடிவு, ஆனால் 18 வயதுக்குக் கீழ் என்றால், பையனாக இருந்தாலும், போக்சோ சட்டப்படி போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை, தனியார் மருத்துவமனையும் இலவசமாகப் பார்க்க வேண்டும். மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் கொடுக்கும் என்பதைப் பாதிக்கப்பட்டவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். மாற்றுத்திறனாளிப் பெண் என்றால் பெண் போலீஸ் அதிகாரி வீட்டுக்கே வந்து, சைகை மொழி தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரோடு, புகாரைப் பதிய வேண்டும். சட்டம் இருக்கிறது, சரி, கேட்காவிட்டால் பெரும்பாலும் நடக்காது, கூடப்போய்க் கேளுங்கள். அப்புறம், பாதிக்கப்பட்டவர் பெயரை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது குற்றம். பெண்களுக்கான உதவி எண் 181.