சும்மா இருந்தால் ஹேங் ஆன கம்ப்யூட்டர்

காரைக்குடியில் எங்கள் கண்டாங்கிச் சேலைக் கடையின் பில்லிங் கம்ப்யூட்டரில் லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) போய்விட்டது. இடி மின்னல் உபயம். அதற்குப் பதிலாக, மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போடும் நெட்வொர்க் கார்டு ஒன்று வாங்கிச் செருகினேன். அன்றிலிருந்து கொஞ்ச நேரம் சும்மா விட்டால் போதும், ஹேங் ஆகிவிடும். மவுஸ்கூட அசையாது. முதலில் ரேமைச் சந்தேகித்து ஒரு நாளை வீணாக்கினேன். அப்புறம் கார்டைக் கழற்றிப் பார்த்தால் நாள் முழுக்க ஓடியது. சரி, கார்டுதான். அதன் தங்கநிற முனையை ரப்பரால் தேய்த்து வேறு ஸ்லாட்டில் செருகியும் அதே கதை.

வேலை செய்யும்போது ஹேங் ஆகவில்லையே என்று உறைத்தபோதுதான் மின்சேமிப்பு நினைவுக்கு வந்தது. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸுக்குக் கீழே ‘லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்’ இருக்கும். சும்மா இருக்கும்போது கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையிலான இணைப்பை மின்சேமிப்பு நிலைக்குக் கொண்டுபோகும் வசதி அது. அதை ஆஃப் செய்தேன். இரண்டு வாரமாகிறது, ஒருமுறைகூட நிற்கவில்லை.