கவர்னர் மீது குற்றச்சாட்டா? கணக்குப் பார்க்கும் முறை

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வீட்டு வரியை மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாகக் கட்ட வேண்டும். 2021-இல் கடைசித் தவணை நவம்பர் 1. மறுநாள் கவர்னர் தேர்தல். (இங்கே கவர்னர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைப்பவர்.) இரண்டாம் முறை நின்றவர் ஜனநாயகக் கட்சியின் ஃபில் மர்ஃபி. எதிர்த்தவர் குடியரசுக் கட்சியின் ஜாக் சிட்டரெல்லி. வீட்டு வரி பில் ஒரு பக்கம், "பார்த்தீர்களா, மர்ஃபி ஆட்சியை!" என்ற விளம்பரம் இன்னொரு பக்கம்.

குடியுரிமை வாங்கிய பிறகு நான் போடப்போகும் முதல் கவர்னர் ஓட்டு அது. கும்பகோணத்தில் ஆடிட்டர் ஆபீசில் நாலு வருஷம் பேரேடு புரட்டியவன் என்பதால், மர்ஃபி மீதான குற்றச்சாட்டுகளையும் அப்படியே ஒரு நோட்டில் எழுதிச் சரிபார்த்தேன். எந்தத் தேர்தலுக்கும் இந்த முறை உதவும்.

முதலில், மேற்கோள் என்றால் முழு வாக்கியத்தைத் தேடிப் பிடியுங்கள். "வரிதான் உங்கள் கவலை என்றால் இது உங்களுக்கான மாநிலம் இல்லை" என்று மர்ஃபி சொன்னதாக எங்கு பார்த்தாலும் ஓடியது. 2019-இல் அவர் பேசியதைத் தேடினால், ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்து ஓட்டுப் போடுபவராக நீங்கள் இருந்து, அந்த விஷயம் வரி விகிதமாகவும் இருந்தால் என்று ஒரு நிபந்தனை முன்னால் இருக்கிறது. விளம்பரம் அதை நறுக்கிவிட்டது. ஆனால் ஒன்று, முழுசாகப் படித்தபோதும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நறுக்கிய மேற்கோள் என்பதாலேயே குற்றச்சாட்டு பொய்யாகிவிடாது. நோட்டில் "பாதி சரி" என்று குறித்தேன்.

அப்புறம் ஓப்பனிங் பேலன்ஸ், அதாவது கணக்கின் தொடக்க இருப்பு. எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள்? மாநிலத்தின் சராசரி வீட்டு வரி 2020-இல் 9,112 டாலர். கேட்டாலே மலைப்பாக இருக்கும். ஆனால் மர்ஃபி பதவிக்கு வருவதற்கு முந்தைய 2017-இல் அது 8,690. மூன்று ஆண்டுகளில் 422 டாலர், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 1.6 சதவீதம். அவருக்கு முன் இருந்த கிறிஸ் கிறிஸ்டி சிட்டரெல்லியின் கட்சிக்காரர். அவர் காலத்தில், 2010-இன் 7,576-இல் தொடங்கிப் பார்த்தால், ஆண்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டி ஏறியிருக்கிறது. மொத்தத் தொகையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவரிடம், ஏறிய வேகத்தைக் கேளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: கையெழுத்து யாருடையது, அதாவது முடிவெடுத்தது யார்? உங்கள் வீட்டு வரி பில்லை எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு வரி, நகராட்சிக்கு ஒரு வரி, உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கு ஒரு வரி. மாநில அளவில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது; என் பில்லிலும் அப்படியே. கவர்னருக்கென்று அதில் ஒரு காசு இல்லை. இதைக் கண்டுபிடித்ததும் "சிட்டரெல்லி கதை முடிந்தது" என்று மச்சானுக்கு போன் போட்டேன்.

அவர் விடவில்லை. "பள்ளிக்கு மாநிலம் கொடுக்கிற உதவித்தொகை குறைந்தால் யார் தலையில் விழும்?" என்றார். அதுவும் சரிதான். அந்தப் பணத்தை எந்த ஊருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் சூத்திரம் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. 2018-இல் அதைத் திருத்தி மர்ஃபி கையெழுத்திட்டார். சில ஊர்களுக்குக் கூடியது, சில ஊர்களுக்குப் படிப்படியாகக் குறைந்தது. சிட்டரெல்லி மாற்றுவதாகச் சொன்னதும் அந்தச் சூத்திரத்தைத்தான். ஆக, கையெழுத்து பில்லில் இல்லை, பில்லுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் ஊருக்குக் கூடியதா குறைந்ததா என்று பார்க்காமல் இந்தக் குற்றச்சாட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். மாற்றுவேன் என்கிறவரிடமும் எந்த ஊரிலிருந்து எடுப்பீர்கள் என்று கேளுங்கள். கொடுக்கப்போகும் ஊரைத்தான் எல்லா வேட்பாளர்களும் சொல்வார்கள்.

கையெழுத்து நேராக இருக்கும் இடமும் உண்டு. எடிசன் என்ற ஊரில் மென்லோ பார்க் முன்னாள் படைவீரர் இல்லம் இருக்கிறது. மாநில அரசே நடத்துவது. கொரோனாவில் அங்கேயும், பரமஸ் ஊரில் உள்ள அதே மாதிரி இல்லத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முதியோர் இல்லங்கள் யாரையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2020 மார்ச் 31-இல் மாநில சுகாதாரத் துறை உத்தரவிட்டிருந்தது. அதனால்தான் தொற்று உள்ளே பரவியது என்பது குற்றச்சாட்டு. தொற்று உள்ளவர்களைத் தனியாகப் பிரித்து வைக்கச் சொன்னோமே என்பது மர்ஃபி தரப்பு பதில். உத்தரவைப் படித்தால் அந்த வாசகமும் இருக்கிறது. ஆனாலும் அரசே நடத்தும் இல்லத்தில் "சொன்னோமே" என்பது எனக்குப் போதவில்லை. நோட்டில் சிவப்பு மையால் எழுதிய ஒரே வரி இதுதான். தேர்தல் முடிந்து அடுத்த மாதம், 119 குடும்பங்களுக்கு 5.3 கோடி டாலர் இழப்பீடு தர மாநிலம் ஒப்புக்கொண்டது.

வரவுப் பக்கத்தையும் நீங்களேதான் எழுத வேண்டும். எதிர்த்து நிற்பவர் எழுதித் தரமாட்டார். அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்குச் செலுத்த வேண்டிய முழுப் பங்கை 1996-க்குப் பிறகு முதல்முறையாக, 2021 ஜூனில் கையெழுத்தான பட்ஜெட்டில் ஒதுக்கினார்கள், ஏறத்தாழ 690 கோடி டாலர். அதே பக்கத்தில் 2020-இல் வாங்கிய சுமார் 400 கோடி டாலர் கடனையும் எழுதிவிடுங்கள்.

கருத்துக்கணிப்புக்கு நோட்டில் இடம் வேண்டாம். கடைசி வாரத்தில் ஒரு கணிப்பு மர்ஃபிக்கு 11 புள்ளி முன்னிலை கொடுத்தது. ஜெயித்தது சுமார் 3 புள்ளியில்.

நவம்பர் 1 காலையில் தவணையைக் கட்டினேன். மறுநாள் நோட்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போய் ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று மச்சான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.