ஆகாயப்படை விமானி ஆக எஸ்பிஎம்மில் என்ன எடுக்க வேண்டும்? பாடாங் செராயிலிருந்து ஒரு வழிகாட்டி

கெடாவின் பாடாங் செராயில் நான் கணக்கு டியூஷன் நடத்தும் கடைவீட்டு மாடியில் ஃபேன் சத்தம் எப்போதும் கேட்கும். சில நாள் அதையும் அமுக்கிவிட்டு மேலே ஓர் இரைச்சல் போகும். பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளத்து விமானம். பிள்ளைகள் பேனாவைப் போட்டுவிட்டு சன்னலுக்கு ஓடுவார்கள். போன மாதம் ஒரு பையன் அங்கிருந்தே கேட்டான்: "சார், அதை ஓட்ட எத்தனை ஏ வேணும்?"

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எஸ்பிஎம்மில், அதாவது மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வில், எத்தனை ஏ என்ற கணக்கு பிறகு வரட்டும். எந்தெந்தப் பாடம் கையில் இருக்கிறது என்பதுதான் முதலில். அதை முடிவு செய்வது படிவம் 3 முடிந்து படிவம் 4க்குப் போகும் அந்தச் சில வாரங்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. 90களில் என் புள்ளிகளுக்கு அறிவியல் பிரிவு கிடைத்திருக்கும். ஆனால் தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போன கூட்டாளிகள் எல்லாரும் கலைப்பிரிவு. நானும் அவர்களோடு வணிகம் எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. எஸ்பிஎம் முடிந்த பிறகு நாளிதழில் ஆகாயப்படை விளம்பரத்தைப் பார்த்தேன். இயற்பியல் கேட்டிருந்தார்கள். கணக்கில் நல்ல தேர்ச்சி இருந்தும் விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டத்தை நிரப்ப என்னிடம் ஒன்றுமில்லை.

படி 1: கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்

கல்வித் தகுதி பற்றிய பதிவில் கண் எதற்கு என்று கேட்பீர்கள். நிறக்குருடு இருந்தால் இராணுவ விமானி ஆக முடியாது. ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகம் வைத்திருப்பார்கள். பத்து நிமிட வேலை. ஏதாவது தெரியவந்தால் விமானப் பொறியியல் போன்ற வேறு கதவுகளைப் பார்க்க நேரம் இருக்கும்.

படி 2: விளம்பரத்தின் மொழியைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆட்சேர்ப்பு விளம்பரம் மலாயில்தான் வரும். அதில் 'கெப்புஜியான்' என்று வந்தால் கிரெடிட். 'லூலுஸ்' என்று வந்தால் வெறும் தேர்ச்சி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றைய எஸ்பிஎம்மில் சி முதல் மேலே ஏ பிளஸ் வரை எல்லாம் கிரெடிட். டி, இ இரண்டும் தேர்ச்சி மட்டுமே. ஜி என்றால் தோல்வி. அப்பா அம்மா பழைய சான்றிதழை எடுத்துவந்து ஒப்பிட்டால், அந்தக் காலத்து 6 வரைக்கும் கிரெடிட், 7ம் 8ம் தேர்ச்சி, 9 தோல்வி.

திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பாடங்கள் மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், அறிவியல் அல்லது இயற்பியல், வரலாறு. எதில் கிரெடிட், எதில் தேர்ச்சி போதும், எத்தனை கிரெடிட், வயது எவ்வளவு என்பதெல்லாம் அந்தந்த ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் இருக்கும். முந்தைய விளம்பரம் ஒன்றை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். உங்கள் வருடத்து விளம்பரம் வந்ததும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அண்ணன் சொன்னார், மாமா சொன்னார் என்பதை நம்பிப் பாடம் எடுக்காதீர்கள்.

படி 3: படிவம் 4இல் இயற்பியலும் கூடுதல் கணிதமும்

2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய பிரிப்பு இல்லை. இப்போது பாடத் தொகுப்புகள்தான். 'ஸ்டெம்' (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்று தொடங்கும் தொகுப்புகளில் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றும் இருப்பதைக் கேளுங்கள். உயிரியல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் விமானிக்கு நஷ்டமில்லை.

விளம்பரம் கூடுதல் கணிதம் கேட்காமலே இருக்கலாம். ஆனாலும் எடுங்கள். ஏன் என்று ஒரு கணக்கைக் காட்டுகிறேன். அலோர் ஸ்டார் விமான நிலைய ஓடுபாதையின் ஓர் முனை எண் 04. அதாவது ஏறக்குறைய 40 பாகை திசை. காற்று 70 பாகையிலிருந்து 20 நாட் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). இரண்டுக்கும் இடையே கோணம் 30 பாகை. சைன் 30 என்பது பாதி. அப்படியானால் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று 10 நாட். எதிரே வருவது, கோசைன் 30ஐப் பெருக்கினால், 17 நாட்டுக்குக் கொஞ்சம் மேலே. வெக்டர் பாடத்தில் 'இது எதுக்கு சார்?' என்று கேட்ட பையன் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று. 180 நாட் வேகம் என்றால் நிமிடத்துக்கு 3 கடல் மைல். 45 கடல் மைல் தூரம் போக 15 நிமிடம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இதைக் கால்குலேட்டர் இல்லாமல், ஒரு கை வேறு வேலையில் இருக்கும்போது மனத்தில் போடத் தெரிய வேண்டும். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் முகத்தைச் சுளிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

உங்கள் இடைநிலைப்பள்ளியில் அந்தத் தொகுப்பு இல்லையென்றால், அல்லது 'உன் புள்ளிக்கு இது வேண்டாம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அதோடு வீட்டுக்குப் போகாதீர்கள். அப்பா அல்லது அம்மாவோடு போய் முறையீடு எழுதிக் கொடுங்கள். வகுப்பு மாற்றம் ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும், தாமதமாகக் கேட்டால் இடமில்லை என்பார்கள். பள்ளியே மாற வேண்டுமென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். சுங்கை பெசியில் அரச இராணுவக் கல்லூரியும் இருக்கிறது, படிவம் 4க்கு மாணவர்களை எடுக்கிறார்கள். அதற்குப் படிவம் 3 படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

படி 4: மலாய்மொழியை முதல் பாடமாக வையுங்கள்

நம் பிள்ளைகளின் விண்ணப்பம் விழும் இடம் இயற்பியல் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் விழுவது மலாய்மொழியில். ஐந்து ஏ வாங்கிவிட்டு மலாய்மொழியில் டி வாங்கியவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அரசாங்க வேலை பலவற்றுக்கும் அந்த கிரெடிட் கேட்பார்கள், அதிகாரி பதவிக்குக் கேட்காமல் இருப்பார்களா?

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு இதில் தனி வேலை உண்டு. படிவம் 1க்கு முன் வரும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த ஒரு வருடத்தால் வயது வரம்பும் தாண்டிப்போகாது. கட்டுரைத் தாளுக்கு மனப்பாடக் கட்டுரைகளை நம்பாதீர்கள். வாரத்துக்கு ஒரு கட்டுரை, கையால், நேரம் வைத்து எழுதுங்கள். எழுதியதை மலாய் ஆசிரியரிடம் காட்டுங்கள். சிவப்பு மையில் திரும்பி வந்ததை மறுபடி எழுதுங்கள், அங்கேதான் புள்ளி ஏறும். வாய்மொழித் தேர்வும் இருப்பதால் மலாய் நண்பர்களோடு மலாயிலேயே பேசுங்கள். எங்கள் ஊர் சந்தையில் அதற்குப் பஞ்சமில்லை.

வரலாறு 2013 முதல் கட்டாயத் தேர்ச்சிப் பாடம். அதில் விழுந்தால் எஸ்பிஎம் சான்றிதழே கிடைக்காது. பிறகு இயற்பியலில் ஏ பிளஸ் இருந்து என்ன பயன்?

ஆங்கிலத்துக்கு நான்கு தாள்: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். வானில் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசும் மொழி ஆங்கிலம்தான் என்பதால் பேச்சையும் கேட்டலையும் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். ஆங்கிலச் செய்தியை வானொலியில் கேட்டு, கேட்டதை உடனே திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். எண்களை அப்படியே பிடிக்க வருகிறதா என்று பாருங்கள்.

படி 5: முடிவு வந்த அன்று

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் விளம்பரம் கேட்பது, வலப்பக்கம் உங்கள் கிரேடு. எல்லா வரியும் பொருந்தினால் இரண்டு பாதை இருக்கிறது.

முதல் பாதை, எஸ்பிஎம்மோடு நேரடியாகப் பயிற்சி அதிகாரியாகச் சேர்வது. ஆகாயப்படைக் கல்லூரி இருப்பது கெப்பாலா பத்தாஸில். பினாங்குக் கெப்பாலா பத்தாஸ் இல்லை, அலோர் ஸ்டார் பக்கம் இருப்பது. நேர்காணலுக்குத் தவறான ஊருக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். அடிப்படைப் பறக்கும் பயிற்சியும் அங்கேயே, பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 விமானத்தில்.

இரண்டாவது, சுங்கை பெசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம். பழைய இராணுவ அகாடமிதான் 2006இல் பல்கலைக்கழகமானது. எஸ்பிஎம்முக்குப் பிறகு அசாசி என்ற அடித்தளப் படிப்பு, அப்புறம் பட்டம், அதன்பின் அதிகாரி. இதற்குப் புள்ளிகள் கூடுதலாக வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் படிப்புக்குப் போகிறவர்களும் இயற்பியலையும் கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள், பட்டதாரிகளுக்கும் அவ்வப்போது அழைப்பு வரும்.

ஒரு வரி மட்டும் பொருந்தவில்லை, அது மலாய்மொழி என்றால், மறுதேர்வு எழுதலாம். அந்த ஆண்டை வீணாக்காமல் வேறு படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதுங்கள்.

தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. சபாவைச் சேர்ந்த பாட்ரிஷியா யாப் நம் ஆகாயப்படையில் மிக்-29 போர் விமானம் ஓட்டியவர். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?' என்று வீட்டில் யாராவது கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

படி 6: ஆவணங்கள்

விண்ணப்பம் ஆயுதப்படையின் இணைய ஆட்சேர்ப்புத் தளத்தில். விண்ணப்பிக்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 'உள்ளே ஆள் இருக்கு, ஐயாயிரம் கொடு' என்று எவராவது வந்தால் அவர் மோசடிக்காரர், அவ்வளவுதான்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்பிஎம் சான்றிதழ் அல்லது முடிவுத் தாள், பள்ளி விடுப்புச் சான்று, புறப்பாடச் சான்றிதழ்கள். புறப்பாடம் என்றால் சாரணர், காவல் கேடட், செஞ்சிலுவை, ஓட்டப்பந்தயம் எதுவும் சரி. பதவி ஏதாவது இருந்திருந்தால் அதற்கான கடிதத்தைப் பள்ளியை விட்டு வருமுன் வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட்ட ஆசிரியர் மாற்றலாகிப் போயிருப்பார்.

பெயர் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி இருப்பது தோட்டத்துக் குடும்பங்களில் சாதாரணம். தாத்தா காலத்தில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிய எழுத்து இன்னும் துரத்தும். திருத்தப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும், அதற்கு நாளாகும். ஆகவே இதைப் படிவம் 4 பள்ளி விடுமுறையிலேயே முடித்து, எல்லாவற்றையும் ஐந்து நகல் எடுத்து ஒரு கோப்பில் போட்டுவையுங்கள்.