காலையில் சரி, நண்பகலில் 15 டிகிரி குறைவு

சாயத்தொட்டியில் பொருத்தியிருந்த கே வகைத் தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்பச் சென்சார்), காலையில் சரியாகவும், பாய்லர் ஓடத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் கண்ணாடி வெப்பமானியைவிட 15 டிகிரி குறைவாகவும் காட்டியது. சென்சாரை மாற்றினேன், பிறகு வெப்பத்தைக் காட்டிக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் மாற்றினேன்; நான்கு நாள்கள் வீணாயின.

ஐந்தாம் நாள், நீராவிக் குழாயை ஒட்டியிருந்த இணைப்புப் பெட்டியைத் தொட்டபோது கை சுட்டது. அங்கிருந்து கன்ட்ரோலர் வரை யாரோ சாதாரணச் செப்புக் கம்பியை இழுத்திருந்தார்கள். தெர்மோகப்பிள் தருவது இரு முனைகளின் வெப்ப வேறுபாட்டுக்கு உரிய மின்னழுத்தம் மட்டுமே, டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். செப்புக் கம்பி தொடங்கும் இடமே குளிர்முனை, அதாவது தொட்டிக்கு எதிர்முனை, ஆகிவிடுகிறது; கன்ட்ரோலரோ தன் இடத்து வெப்பத்தையே அம்முனையின் வெப்பமாக எண்ணிக் கூட்டுவதால், பெட்டி கன்ட்ரோலரைவிட எத்தனை டிகிரி சூடோ அத்தனை டிகிரி அளவில் குறைகிறது. மூடியைத் திறந்து மேசை விசிறியைத் திருப்பியதும் எண் மெல்ல ஏறியது.

தெர்மோகப்பிளைப் போலவே மின்னழுத்தம் தரும், கே வகைக்குரிய நீட்டிப்புக் கம்பி இட்டிருந்தாலே போதும். ஆனால் எங்கள் தொட்டி 95 டிகிரியைத் தாண்டாது என்பதால், மின்தடையை வைத்து வெப்பத்தை அளக்கும் பி.டி. 100 என்ற பிளாட்டினச் சென்சாரை, கம்பியின் தடையைக் கழித்துவிடும் மூன்று கம்பி இணைப்பில் பொருத்தி, கன்ட்ரோலரில் சென்சார் வகையையும் மாற்றினேன். அதன் மின்தடை டிகிரிக்கு 0.385 ஓம் அளவே கூடும். இரு கம்பியோடு விட்டிருந்தால், கம்பியின் 1 ஓம் தடையே இரண்டரை டிகிரியாகத் தெரிந்திருக்கும். இப்போது பாய்லர் ஓடினாலும் வேறுபாடு அரை டிகிரிக்குள் நிற்கிறது.