கெட்டியாகக் கொடுத்தால் போதுமா? விழுங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது என்றதும் எல்லாவற்றையும் கெட்டியாக்கிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் பாதிதான் சரி. கெட்டியான திரவம் மெல்ல நகர்வதால், அது உள்ளே போய்விடாதபடி மூச்சுப்பாதை மூடிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். இந்த நன்மை தொண்டையோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, பெரியவர்களுக்குச் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய்க்குக் கெட்டித்தன்மை கூடுதல் சுமைதான்.

நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர் தன் எடையாலேயே ஓரிரு நொடியில் உணவுக்குழாயின் அடிக்குப் போய்விடும். கூழ் பதத்தில் உள்ளதைத் தசைகளின் சுருக்க அலைதான் தள்ளியாக வேண்டும். அந்த அலை நொடிக்கு 3–4 செ.மீ. நகரும், அடிவரை வந்து சேர 8–10 நொடி ஆகலாம். பொருள் கெட்டியாக ஆக, அலையும் மெதுவாகும். தசை தளர்ந்திருந்தாலோ பாதை குறுகியிருந்தாலோ மிச்சம் உள்ளேயே தங்கிவிடும்.

ஆகவே பெரிய தவறு, சிக்கல் எந்த இடத்தில் என்று பார்க்காமல் கெட்டியாக்குவது. விழுங்கும்போதே இருமல், குரலில் கரகரப்பு என்றால் பெரும்பாலும் தொண்டைப் பிரச்சினை. விழுங்கிச் சில நொடி கழித்து நெஞ்சுக்குள் அடைத்து நிற்பது உணவுக்குழாயின் அறிகுறி; இங்கே கெட்டியாக்கினால் அடைப்பு கூடும்.

அவசரமும் கெடுக்கும். முதல் வாய் இறங்கும் முன்பே அடுத்ததை விழுங்கினால், ஓடிக்கொண்டிருக்கும் அலை அடங்கிவிடுகிறது. சின்னக் கரண்டியில் கொடுத்து, 10 நொடியாவது இடைவெளி விடுங்கள்.

பதத்தைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். உணவு, பானங்களின் பதத்தை எண்ணிட்ட நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச முறையான ஐடிடிஎஸ்ஐ-யில் (IDDSI) இதற்கென்றே சோதனை இருக்கிறது; பானத்தின் நிலை எண் கூடக் கூடப் பதம் கெட்டி: அந்த முறை சொல்லும் அளவுள்ள 10 மி.லி. சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து நிரப்பி, விரலை எடுத்து 10 நொடி வடியவிட்டு, மீண்டும் அடைக்க வேண்டும். உள்ளே 1–4 மி.லி. மிஞ்சினால் நிலை 1, 4–8 என்றால் நிலை 2, அதற்கு மேல் நிலை 3. சொட்டே விழாவிட்டால் நிலை 4. கெட்டியாக்க ஸ்டார்ச் பவுடர் கலந்தது வைக்க வைக்க இறுகும், எச்சில் பட்டால் நீர்க்கும். அதனால் குடிக்கக் கொடுக்கும் நேரத்தில், குடிக்கும் சூட்டிலேயே சோதியுங்கள். அதே ஸ்டார்ச் கலவையில் பாலிஎத்திலீன் கிளைகால் மலமிளக்கியைச் சேர்த்தால் தண்ணீராக நீர்த்து, மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

மலச்சிக்கலுக்கு எடுக்கும் நார்ப்பொருளான இசப்கோலைக் கொஞ்சம் தண்ணீரில் விழுங்குவது இன்னொரு ஆபத்து: உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். குறைந்தது 240 மி.லி. தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். டாக்ஸிசைக்ளின் (ஆன்டிபயாடிக்), அலெண்ட்ரோனேட் (எலும்புத் தேய்மானத்துக்கானது) மாத்திரைகள் உணவுக்குழாய்ச் சுவரில் ஒட்டினால் புண்ணாக்கும்; ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். தண்ணீரே குடிக்கக் கூடாதவர்கள் மாற்று மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

உணவு சிக்கி எச்சில்கூட இறங்கவில்லை என்றால், மேலே எதையாவது விழுங்கித் தள்ளப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.