சிங்கப்பூர் ஆத்தோரம் சாப்பிடப் போறீங்களா, உக்கார்றதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

ஊர்ல இருந்து யார் வந்தாலும் "அந்த ஆத்தங்கரையில லைட்டெல்லாம் எரியுமே, அங்க ஒருநாள் சாப்பிடலாமா"ன்னு கேப்பாங்க. தாராளமா சாப்பிடலாம், எனக்கும் ரொம்பப் பிடிச்ச இடம் அது, ஆனா தெரியாம போய் உக்காந்தா பர்ஸ் காலியாயிரும், அதனால நான் என் வீட்டு ஆளுங்கள எப்படிக் கூட்டிட்டுப் போறேனோ அப்படியே சொல்றேன்.

மொதல்ல பேரு. போட் கீ, கிளார்க் கீ, ராபர்ட்சன் கீ. இங்கிலீஷ் எழுத்தப் பாத்து குவேன்னு படிச்சிராதீங்க, "கீ"தான், படகுத்துறைன்னு அர்த்தம். ஆறு மொத்தமே மூணு கிலோமீட்டர் சொச்சம், மூணையும் ஒரே சாயங்காலத்துல நடந்தே பாத்துரலாம்.

சாயங்காலம் ஆறு, ஆறரை மணிக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இறங்கிருங்க. வருஷம் முழுக்க ஏழு மணிவாக்குலதான் இருட்டும், அந்த அரை மணி நேரத்த விட்டுராதீங்க. கேவனா பாலத்துப் பக்கம் ஆத்துல குதிக்கிற பசங்க வெண்கலச் சிலை இருக்கும், எதிர்க்கரையில மியூசியம் பக்கம் ஒரு செட்டியார் சிலையும் இருக்கு. நம்ம நகரத்தார் தங்கி வட்டித்தொழில் பண்ண கட்டடங்க, அதாவது கிட்டங்கிகள் எல்லாம் இங்க பக்கத்துல மார்க்கெட் ஸ்ட்ரீட்லதான் இருந்துச்சு, அதனால அங்க ஒரு நிமிஷம் நிக்காம என்னால போக முடியாது. அப்பல்லாம் ஆறு நாறும். 1977ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும் பத்து வருஷம் சுத்தம் பண்ணாங்க, சரக்குப் படகெல்லாம் 1983ல பாசிர் பாஞ்சாங்குக்குப் போயிருச்சு, அதுக்கப்புறம்தான் இந்தக் கரையில மேசை போட்டு சாப்பிடுற நிலைமையே வந்துச்சு.

போட் கீல பழைய ஷாப்ஹவுஸ் (கீழ கடை, மேல வீடு) வரிசை, மேசை தண்ணிய ஒட்டியே கிடக்கும். மெனு கார்ட நீட்டிக்கிட்டு கூப்பிடுவாங்க, சிரிச்சுட்டு நடங்க, மொத கடையில உக்காரவே உக்காராதீங்க. கடைசி வரைக்கும் நடந்து விலையப் பாத்துட்டுத் திரும்பி வாங்க.

இப்ப நண்டு. மாமாவும் அத்தையும் வந்திருந்தப்ப ஆத்தோரம் ஒரு கடையில சில்லி கிராப் சொன்னோம். மெனுல விலை இல்ல, மார்க்கெட் பிரைஸ்னு மட்டும் போட்டிருந்துச்சு, கேட்டோம், ஒரு நம்பர் சொன்னாரு, முழு நண்டுக்குன்னு நெனச்சுட்டோம். அது நூறு கிராமுக்கு. பில்லு வந்தப்ப அத்தை கையில இருந்த நண்டுக் கொடுக்க அப்படியே தட்டுல வெச்சுட்டாங்க, வீடு வர்ற வரைக்கும் மாமா ஒரு வார்த்தை பேசல. இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது. அதனால நீங்க மூணு கேள்வி கேட்டே ஆகணும், நூறு கிராமுக்கா கிலோவுக்கா, இந்த நண்டு எத்தன கிராம், மொத்தமா எவ்ளோ வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கண்ணு முன்னாடி எடை போடச் சொல்லுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கு ஒரு கிலோ நண்டு தாராளம். நிறைய கடையில வர்றது இலங்கை நண்டுதான், நல்ல சதப்பிடிப்பு. குழம்பு பேருக்குத்தான் சில்லி, தக்காளியும் முட்டையும் சேர்ந்து இனிப்பாத்தான் இருக்கும், பொரிச்ச மாந்தோ பன்னு வாங்கித் தொட்டுச் சாப்பிடுங்க, நண்ட விட எனக்கு அந்தக் குழம்புதான்.

விலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் இருந்தா 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளின்னு பாத்தது 119.90 ஆயிரும். தனியா டிப்ஸ் வேண்டாம். உக்காந்ததும் வேர்க்கடலையும் ஈர டிஷ்யூவும் வெச்சா அதுக்கும் சீன ரெஸ்டாரண்ட்ல காசு போடுவாங்க, வேண்டாம்னா தொடாம உடனே திருப்பிக் குடுத்துருங்க. ஹலால் வேணும்னா மூயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சர்டிபிகேட் ஒட்டிருக்கான்னு பாருங்க. சைவம்னா சீஃபுட் கடையில உக்காந்து கஷ்டப்படாதீங்க, போட் கீலயே வட இந்தியச் சாப்பாட்டுக் கடை இருக்கு.

கிளார்க் கீ கலர், சத்தம், இளசுங்க கூட்டம். குழந்தைங்கள கூட்டிட்டுப் போனா ஒன்பது மணிக்குள்ள கிளம்பிருங்க. ராபர்ட்சன் கீ அமைதி, வயசானவங்களோட உக்காந்து பேச அதுதான் சரி, பகல்லயும் நல்லாருக்கும்.

பட்ஜெட் கம்மின்னா நான் பண்றது இதுதான். லாவ் பா சாட் போங்க, ராஃபிள்ஸ் பிளேஸ்ல இருந்து நடக்குற தூரம், 1894ல கட்டின வார்ப்பிரும்பு மார்க்கெட், இப்ப உள்ள முழுக்க சாப்பாட்டுக் கடைங்க. ராத்திரி ஏழு மணிக்கு மேல பக்கத்து பூன் டாட் ஸ்ட்ரீட்ல வண்டிப் போக்குவரத்த நிறுத்திட்டு ரோட்டுலயே மேசை போட்டு சாத்தே (குச்சியில குத்தின கறி) சுடுவாங்க, கரிப்புகை கண்ணக் கரிக்கும், கடலைச் சாஸ் சூடா வரும். மேசையில டிஷ்யூ பாக்கெட் கிடந்தா அது யாரோ பிடிச்சு வெச்ச இடம், உக்காராதீங்க. சாப்பிட்டு முடிச்சதும் தட்ட எடுத்துட்டுப் போய் அதுக்கான இடத்துல வெச்சிருங்க, 2021ல இருந்து அது சட்டம். வயிறு நெறஞ்சப்புறம் ஆத்தோரம் வந்து ஒரு ஜூஸோ பியரோ மட்டும் வாங்கிட்டு உக்காருங்க, அதே காத்து, அதே லைட்டு.

கடைசி எம்ஆர்டி பன்னெண்டு மணிவாக்குல போயிரும், பதினொன்றரைக்கே எந்திரிச்சிருங்க.